வேலூரில் நூலகர்களுக்கான ஐந்து நாள் தலைமைப் பயிற்சி: யார் போகலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும்

கல்லூரி நூலகத்தில் தனியாளாகவோ ஒரே ஒரு உதவியாளரோடோ வேலை பார்ப்பவர் இந்தப் பயிற்சிக்குத் தாராளமாகப் போகலாம். இரண்டாம் நாளும் நான்காம் நாளும் மட்டுமே கட்டணத்துக்குச் சரியாகிவிடும். பொது நூலகத் துறையில் இருப்பவர் கொஞ்சம் யோசித்துப் போகவும். பதவி உயர்வுக்கான சான்றிதழ்தான் நோக்கம் என்றால், பணம் கட்டும் முன் கீழே சான்றிதழ் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

நடத்துவது வேலூரில் உள்ள ஒரு தனியார் பயிற்சி அமைப்பு. ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தை வாடகைக்கு எடுத்து, கோடை விடுமுறையில் திங்கள் முதல் வெள்ளி வரை நடத்துகிறார்கள். மதியச் சாப்பாடும் இரண்டு வேளை டீயும் கட்டணத்தில் அடக்கம், தங்குமிடம் கிடையாது. திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர், அரக்கோணம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் காட்பாடிக்கு ரயிலில் வந்து டவுன் பஸ் பிடித்தால் தினமும் போய் வரலாம். திருவண்ணாமலை, செய்யாறு பக்கத்துக்காரர்களுக்கு அது சிரமம். அறை எடுப்பதே நல்லது. வேலூரில் மே மாத வெயில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. ஆய்வகத்தில் ஏ.சி. இருக்கிறது, முதல் நாள் வகுப்பு நடக்கும் அரங்கில் இல்லை.

அந்த முதல் நாள்தான் பயிற்சியின் பலவீனம். தலைமைப் பண்புகள், நேர நிர்வாகம், நேர்மறைச் சிந்தனை என்று எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் ஸ்லைடுகள் மதியம் வரை ஓடுகின்றன. வங்கிக் கிளை மேலாளருக்கும் இதையே காட்டலாம். இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலாகத் தந்த ஐந்து நூலக விதிகளில் ‘வாசகரின் நேரத்தைச் சேமி’ என்ற ஒன்றை எடுத்துக்கொண்டு, நூலகரின் அன்றாட முடிவுகளை அதில் உரசிப் பார்த்திருந்தாலே அரை நாள் உருப்படியாகப் போயிருக்கும். அந்த விதிகள் ஒரு ஸ்லைடில் வந்து போனதோடு சரி. சீர்காழியில் பிறந்தவரின் தொழிலைச் செய்கிறவர்களுக்கு இவ்வளவுதானா என்று வருத்தமாக இருக்கிறது.

இரண்டாம் நாள் நிலைமை மாறுகிறது. அன்று முழுக்க ஒரே வேலை: நிர்வாகத்துக்கு ஒரு பக்கக் கோரிக்கைக் குறிப்பு எழுதுவது. பயிற்சி தருபவர் நீண்ட காலம் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது அவர் பேனா பிடித்துத் திருத்துவதிலேயே தெரிகிறது. குறிப்புக்கு அவர் சொல்லும் வரிசை இது: முதல் வரியில் என்ன வேண்டும், எவ்வளவு ரூபாய். அடுத்து இப்போதைய நிலை, எண்ணிக்கையில். அதற்கடுத்து இது இல்லாவிட்டால் எந்த வேலை நிற்கும். பிறகு குறைந்தது மூன்று விலைப்புள்ளிகளின் ஒப்பீடு. கடைசியில், எந்தத் தேதிக்குள் முடிவு வேண்டும், ஏன் அந்தத் தேதி. ‘மாணவர் நலன் கருதி’, ‘நூலகத்தை நவீனப்படுத்தும் பொருட்டு’ போன்ற தொடர்களை எல்லாம் சிவப்பு மையில் அடித்துவிடுகிறார்.

எண்ணிக்கை என்றால் எந்த எண்ணிக்கை? பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். மொத்தம் எத்தனை புத்தகம் என்பது நிர்வாகத்தை அசைக்காது. ஒரு பயன்பாட்டுக்கு என்ன செலவு என்பதுதான் அசைக்கும். என்-லிஸ்ட் (கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் திட்டம்) சந்தா வருடத்துக்கு 5,900 ரூபாய், அந்த வருடம் கல்லூரியில் நடந்த பதிவிறக்கம் 1,180 என்று வைத்துக்கொண்டால் ஒரு பதிவிறக்கத்துக்கு 5 ரூபாய். பதிவிறக்கம் 59 மட்டும் என்றால் 100 ரூபாய். இரண்டாவது நிலைமையில் இருப்பவர் சந்தாவைத் தொடரச் சொல்லிக் கேட்பதற்கு முன், மாணவர்களுக்குத் தனித்தனிப் பயனர் கணக்கு போட்டாயிற்றா, போட்ட கணக்குகளில் எத்தனை ஒரு தடவைகூடத் திறக்கப்படவில்லை என்று பார்க்க வேண்டும். நிர்வாகிக் கணக்கு நூலகர் கையில்தான் இருக்கிறது. பல கல்லூரிகளில் அதன் கடவுச்சொல் பழைய நூலகரோடு போய்விட்டிருக்கும். குறை சொல்லப்படும் முன் நம் பக்கத்தைச் சரிசெய்துகொண்டு கேட்பது எப்படி என்பதை இந்தக் கணக்கு வழியாகவே புரியவைக்கிறார்.

மதியம் அதே குறிப்பை நடித்துக் காட்ட வேண்டும். ஒருவர் முதல்வர், ஒருவர் கணக்கு அலுவலர், ஒருவர் நூலகர். “போன வருஷம்தானே மேடம் ரேக் வாங்குனீங்க, இப்ப எதுக்கு மறுபடியும்?” என்று முதல்வர் கேட்டதும், எழுத்தில் சரியாக இருந்த குறிப்பு பேச்சில் சரிந்துவிடுகிறது. “சார், அது ரெஃபரன்ஸ் பிரிவுக்கு. இது பாடநூல் பிரிவுக்கு, 400 புத்தகம் தரையில இருக்கு, போட்டோ மூணாவது தாள்ல இருக்கு சார்” என்ற அளவுக்கு மரியாதை குறையாமல் நேராகச் சொல்ல வைக்கிறார்கள். சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்க்கும் நூலகருக்கு நிர்வாகத்தின் முன் வாய் திறப்பதே பெரிய காரியம். அந்தத் தயக்கத்தை அறிந்து வடிவமைத்த பயிற்சி இது. நூலகக் குழுக் கூட்டம் முடிந்ததும் தீர்மானங்களை அன்றே எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளர் பெயரும் தேதியும் போட்டு, மறுநாளே கையெழுத்து வாங்கிவிடச் சொல்வதும் நல்ல பழக்கம். ஒரு வாரம் தள்ளினால் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வரும்போது நூலகம் சார்ந்த அளவுகோலுக்குக் காட்ட வேண்டிய சான்றும் அதுவே.

மூன்றாம் நாள் கோஹா. 1999-இல் நியூசிலாந்தில் எழுதப்பட்ட இந்தக் கட்டற்ற நூலக மென்பொருள்தான் இன்று நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் ஓடுகிறது. நிறுவுவது, பயனர் வகை, இரவல் விதி, அபராதம் எல்லாம் தெளிவாகக் காட்டப்படுகின்றன. அதற்கு மேல் அந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தமிழ்ப் புத்தகம் அதிகமுள்ள நூலகத்துக்கு மிகவும் தேவையான விஷயம் விட்டுப்போகிறது. பயிற்சியில் பதிவேற்றிய மாதிரிப் பட்டியல் முழுக்க ஆங்கிலம். உங்கள் கல்லூரியில் தமிழ்த் தலைப்பைத் தேடினால் இருக்கிற புத்தகமே ‘இல்லை’ என்று வரும். சம்பந்தமில்லாத தலைப்புகளும் வரும். காரணம், கோஹாவுக்குள் இருக்கும் ஸீப்ரா தேடுபொறி இயல்பாக வருகிற அமைப்பில் லத்தீன் எழுத்துகளை வைத்தே சொற்களைப் பிரிக்கிறது. தமிழின் கொம்பு, கால், புள்ளி வரும் இடத்தில் சொல் உடைகிறது. ஸீப்ராவின் அட்டவணை அமைப்புக் கோப்பில் எழுத்துப் பட்டியலைச் சுட்டும் வரிகளை எடுத்துவிட்டு பல மொழி எழுத்துகளையும் கையாளும் ஐ.சி.யு. முறைக்கு மாற்றி, ஸீப்ராவை நிறுத்தித் தொடங்கி, பிறகு அட்டவணையை முழுமையாக மறுபடி கட்ட வேண்டும். கோப்பை மட்டும் மாற்றி, மறுகட்டுதலை விட்டுவிட்டால் பழைய பதிவுகள் பழையபடியே கிடக்கும். பயிற்சியில் இதைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் சொல்லித் தருகிறார்கள்.

தமிழ்ப் பட்டியலில் இன்னும் சில இடறல்கள் உண்டு. பழைய எக்செல் பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருந்தால், கோஹாவில் ஏற்றியதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றி, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ வரும் சொற்களைக் கண்ணால் சரிபார்த்துவிட்டு ஏற்றவும். பார்கோடு 000123 என்று தொடங்கினால் எக்செல் முன்னால் உள்ள பூஜ்யங்களைத் தின்றுவிடும். எண்களை ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ ஆக மாற்றி வைக்கவும். ஒரே பார்கோடு இரண்டு புத்தகத்துக்கு இருந்தால் இரண்டாவது படி உள்ளே போகாது. ஆசிரியர் பெயரில் வரும் சிக்கல் இன்னும் ஆழமானது. நம் வடார்க்காட்டு வேலத்துக்காரர் மு.வ.வையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘மு.வ.’, ‘மு. வரதராசன்’, ‘வரதராசனார், மு.’ என்று மூன்று விதமாக, ஆசிரியர் பெயருக்கான 100-ஆம் புலத்தில் ஏற்றினால், வாசகர் தேடும்போது அவர் நூல்களில் மூன்றில் ஒரு பங்குதான் கண்ணில் படும். ஒரு வடிவத்தை நிலைப்படுத்தி, மற்றவற்றை அதிகாரப் பதிவில் (பெயரின் நிலையான வடிவத்தைக் காட்டும் தனிப் பதிவு) 400-ஆம் புலத்தில் ‘காண்க’ என்று சேர்க்க வேண்டும். இதை ஒரு தாளில் விதியாக எழுதி, உதவியாளரின் மேசையில் ஒட்டிவைப்பது நூலகரின் பொறுப்பு.

நான்காம் நாள் இருப்பு சரிபார்ப்பும் ஆள் நிர்வாகமும். இரண்டையும் சேர்த்து வைத்தது நல்ல யோசனை, ஏனென்றால் வருடத்தில் நூலகர் பிறரிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்தே தீர வேண்டிய சமயம் அதுதான். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இன் 215-ஆம் விதி தரும் அளவுகள் கற்றுத்தரப்படுகின்றன: 20,000 பிரதிகள் வரை உள்ள நூலகம் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு செய்ய வேண்டும், 20,000-க்கு மேல் 50,000 வரை என்றால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது, அதற்கும் மேல் என்றால் மூன்று ஆண்டுக்குள் மாதிரிச் சரிபார்ப்பு. ஓராண்டில் இரவல் போனதும் உள்ளேயே எடுத்துப் பார்த்ததும் சேர்த்து, ஆயிரத்துக்கு ஐந்து பிரதி இழப்பு நியாயமானது. அதில் ஏமாற்றோ அலட்சியமோ இருக்கக் கூடாது. 24,000 பயன்பாடு என்றால் 120 பிரதி. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். மாநில அரசுக் கல்லூரிக்கும் தனியார் கல்லூரிக்கும் இது நேரடியாகக் கட்டாயமில்லை என்றாலும், தொலைந்த புத்தகத்துக்கு நூலகரின் சம்பளத்தில் பிடிப்போம் என்று சொல்லும் நிர்வாகத்தின் முன் வைக்க இதைவிட நல்ல தாள் கிடையாது.

செய்முறை இப்படி: ஒரு தட்டில் சுமார் 30 புத்தகம் என்று கணக்கிட்டு அலமாரிகளை எண்ணிட்டுப் பிரிக்க வேண்டும். ஒருவர் புத்தகத்தை இழுத்துப் பார்கோட்டைக் காட்ட, இன்னொருவர் கருவியால் படித்து நோட்பேடில் ஏற்ற வேண்டும். ஒரு அலமாரிக்கு ஒரு கோப்பு. கோப்பின் பெயர் அலமாரி எண். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் குவித்தால், பிழை வந்தபின் எந்த அலமாரி என்று தேடியே ஒரு நாள் போய்விடும். பிறகு கோஹாவின் இருப்புக் கருவியில் கோப்பை ஏற்றும்போது இரண்டு தேர்வுகளைக் கவனிக்கவும். இரவலில் உள்ளவற்றைத் தவிர்க்கும் பெட்டியைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ஆசிரியர்கள் கையில் இருப்பதெல்லாம் ‘காணவில்லை’ பட்டியலில் சேரும். இரவலில் இருப்பதாகப் பதிவான புத்தகம் அலமாரியில் படிக்கப்பட்டால், கோஹா அதைத் திரும்பி வந்ததாகவே பதிந்துவிடும். அது வேண்டாம் என்றால் அதற்கான பெட்டியும் உண்டு. பயிற்சியில் இந்த இரண்டாவது பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. காப்புப் பிரதி பற்றிச் சொன்னதும் அரைகுறை: கோஹா தினமும் எடுக்கும் பிரதி அதே கணினியில்தான் கிடக்கிறது. அதை வெளி டிஸ்க்குக்கு எடுத்து, மாதம் ஒருமுறை வேறு கணினியில் திறந்து பார்ப்பதுதான் காப்பு.

இனி சான்றிதழ். யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி கல்லூரி நூலகர் 10-ஆம் ஊதிய நிலையிலிருந்து 11-க்குப் போக 21 நாள் அறிமுகப் பயிற்சி ஒன்றும், நூலகத் தானியங்கல், மின்னாக்கம், பராமரிப்பு சார்ந்த குறைந்தது 5 நாள் பயிற்சி ஒன்றும் வேண்டும். இந்தப் பயிற்சி அந்த ஐந்து நாளுக்குப் பொருந்தக்கூடியது. ஆனால் தருகிற சான்றிதழில் ‘தலைமைப் பண்பு மேம்பாடு’ என்று மட்டுமே அச்சாகியிருக்கிறது. தேர்வுக் குழுவில் யாராவது தலைப்பைப் பார்த்துத் தள்ளிவிட இது ஒன்றே போதும். பணம் கட்டும் முன்பே மின்னஞ்சல் அனுப்பி, தலைப்பில் தானியங்கலும் மின்னாக்கமும் வர வேண்டும், தொடங்கிய நாளும் முடிந்த நாளும் வர வேண்டும், நாளுக்கு எத்தனை மணி நேரம் என்பது வர வேண்டும் என்று கேளுங்கள். தர மறுத்தால், பதவி உயர்வை மட்டும் நினைத்துப் போகிறவர் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் நடத்தும் வகுப்புக்கோ ஸ்வயம் இணையப் பாடத்துக்கோ போவது பாதுகாப்பு. கல்லூரியிலிருந்து ஓ.டி. (பணி நிமித்தம் வெளியே செல்வதற்கான) கடிதமும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பின்தேதியிட்டு வாங்கிய கடிதம் தணிக்கையில் இடிக்கும்.

கிளை நூலகம், ஊர்ப்புற நூலகத்தில் இருப்பவர்களுக்கு யோசிக்கச் சொன்னதன் காரணம் எளியது. ஐந்து நாளும் உதாரணங்கள் கல்லூரியைச் சுற்றியே வருகின்றன. 1948-இலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரி, மாவட்ட நூலக ஆணைக்குழு, வாசகர் வட்டம், புரவலர் சேர்ப்பு என்று ஊர் மக்களோடும் உள்ளாட்சியோடும் பேசி வாங்க வேண்டிய வேலைகள் அங்கே எவ்வளவோ. அதற்கு வேண்டிய திறமை கல்லூரி முதல்வரிடம் பேசுவதிலிருந்து வேறுபட்டது. குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ இருக்கும் கிளை நூலகர் நகராட்சித் தலைவரிடம் கட்டடப் பழுதுக்கு எப்படிக் கேட்பது என்று ஒரு மதியமாவது நடித்துப் பார்க்க வைத்திருக்கலாம். முதல் நாளின் ஸ்லைடுகளை எடுத்துவிட்டால் இடம் தானாகக் கிடைக்கும். அமைப்பாளர்களுக்கு நாங்கள் வைக்கும் முதல் கோரிக்கை இதுவே.

போவதாக முடிவு செய்தால் கையோடு கொண்டுபோக வேண்டியவை: கடந்த மூன்று ஆண்டின் மாதவாரி இரவல் எண்ணிக்கை, என்-லிஸ்ட் பயன்பாட்டு அறிக்கை, போன நூலகக் குழுக் கூட்டத்தின் குறிப்பு, நிர்வாகம் திருப்பி அனுப்பிய ஏதாவது ஒரு கோரிக்கைக் கடிதத்தின் நகல், உங்கள் நூலகத்துத் தமிழ்ப் புத்தகங்களில் ஐம்பது வரி எக்செல். 8 ஜி.பி. நினைவகம் உள்ள மடிக்கணினி இருந்தால் அதையும் எடுத்துப்போங்கள். ஆய்வகக் கணினிகளில் செய்து பழகிய கோஹா அங்கேயே நின்றுவிடும். உங்கள் கணினியில் மெய்நிகர் இயந்திரமாக (வர்ச்சுவல் மெஷின்) நிறுவித் தரச் சொல்லி மூன்றாம் நாள் காலையிலேயே கேட்டுவிடுங்கள், மாலையில் கேட்டால் ஆள் இருக்க மாட்டார்.