ஈரப் பாறையில் எந்த டயர் பிடிக்கும்? ட்ரையல்ஸ் பைக் டயர்கள், ஓர் ஒப்பீடு

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டும் இடத்தில், ஓடைக்குள் ஒரு பாறை இருக்கிறது. இடுப்பு உயரம்கூட வராது. ஆனால் வருடம் முழுக்கத் தண்ணீர் வழிந்து கரும்பச்சையாகப் பாசி படிந்திருக்கும். கை வைத்தால் வெண்டைக்காய் நறுக்கிய பலகை மாதிரி வழுக்கும். போன குளிர்காலத்தில் நானும் நண்பர் ஒருவரும் அந்தப் பாறையில் ஒரே பைக்கை வைத்துக்கொண்டு, இரண்டு பின் சக்கரங்களை மாற்றி மாற்றிப் போட்டு மத்தியானம் முழுக்க ஏறிப் பார்த்தோம். ஒரு சக்கரத்தில் மிஷெலின் எக்ஸ்-லைட், இன்னொன்றில் டன்லப் டி803ஜிபி. இரண்டும் புதுசு, இரண்டிலும் ஒரே காற்று. எது நல்லது என்று பல வருடமாகப் பேசிப் பேசியே பொழுது போக்கியவர்கள் நாங்கள். ஒரு தடவை பார்த்துவிடலாமே என்றுதான் இறங்கினோம்.

ட்ரையல்ஸ் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது வேகப் போட்டி இல்லை. பாறை, மர வேர், ஓடை, சேற்று மேடு என்று நாடா கட்டிப் பிரித்த சின்னச் சின்னத் தடங்களைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு தடவை கால் பட்டால் 1 புள்ளி, இரண்டு தடவைக்கு 2, அதற்கு மேல் எத்தனை தடவை பட்டாலும் 3. தடத்தை முடிக்க முடியாவிட்டால் 5. கடைசியில் யாரிடம் புள்ளி குறைவோ அவரே வென்றவர். ராயல் என்ஃபீல்டு 2019-ல் விட்ட புல்லட் ட்ரையல்ஸ் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஸ்காட்லாந்து ஆறு நாள் ட்ரையலில் ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் ராயல் என்ஃபீல்டில் ஜெயித்த பெருமையை நினைவுபடுத்த வந்த வண்டி அது. ஆனாலும் அது சாலையில் ஓட்டுகிற பைக்தான். இன்றைய போட்டி பைக் சுமார் 70 கிலோ எடை, சீட் என்று சொல்ல ஒன்றும் இருக்காது, முழுக்க நின்றுகொண்டே ஓட்ட வேண்டும்.

டயர் அளவு எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முன்னால் 2.75-21 டியூப் டயர், பின்னால் 4.00-18 டியூப்லெஸ். நம் ஊரில் பட்டன் டயர் என்பார்களே, பார்க்க அது மாதிரிதான் இருக்கும். ஆனால் கட்டைகள் சின்னதாக, சதுரமாக, நெருக்கமாக இருக்கும். மோட்டோகிராஸ் டயர் மாதிரி நீளமான பல் வைக்க விதி விடாது. சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பின் விதிப்படி பட்டன் ஆழம் 13 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. மண்ணைத் தோண்டிப் பிடிக்க வழியில்லை என்றால், கல்லோடு ஒட்டித்தான் பிடிக்க வேண்டும். அதற்கு மூன்று விஷயம் வேண்டும்: மெத்தென்ற ரப்பர், கல்லின் வடிவத்துக்கு மடிந்து உட்காரும் பக்கச் சுவர், பட்டனின் கூர்மையான விளிம்பு. தெருவில் ஓடும் பைக்கின் பின் டயரில் 30 பி.எஸ்.ஐ. சுமாருக்குக் காற்று அடிக்கிறோம். ட்ரையல்ஸில் பின்னால் 4 முதல் 5, முன்னால் 6 சுமார். கட்டை விரலால் அழுத்தினால் டயர் உள்ளே போகும். பாறை மேல் வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தால், டயர் கல்லைக் கவ்வியபடி பக்கவாட்டில் பிதுங்கி நிற்பது தெரியும்.

இந்த மடிப்பில்தான் ரேடியலும் நைலானும் பிரிகின்றன. லாரி டயர் வாங்குகிறவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. நைலான் டயரில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போவதால் பக்கச் சுவர் விறைப்பு. ரேடியலில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராகப் போவதால் பக்கச் சுவர் தளர்ந்து கொடுக்கும். மிஷெலின், டன்லப் இரண்டின் பின் டயரும் ரேடியல்தான்.

அப்புறம் அந்தப் பாறைக்கு வருவோம். மிஷெலினைப் போட்டு ஏறியபோது முதலில் தெரிந்தது, டயர் கல்லைத் தொட்டதுமே பிடித்துக்கொண்டதுதான். த்ராட்டிலை மெல்லத் திறந்தால் போதும், சக்கரம் சுற்றாமல் வண்டி அப்படியே மேலே நடந்தது. பாசி மேல் இவ்வளவு நிதானமாக ஏற முடியும் என்று அதுவரை நான் நம்பியதில்லை. டன்லப்பிலும் ஏறினோம். ஆனால் கால்வாசி நொடி தாமதித்துப் பிடித்தது. கொஞ்சம் வழுக்கி, பிறகு கவ்வியது. பத்து தடவையில் எத்தனை தடவை ஏறினோம் என்று கணக்கு வைத்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பயமில்லாமல் ஏறியது மிஷெலினில்தான். பயமில்லாவிட்டால் உடம்பு இறுகாது. உடம்பு இறுகாவிட்டால் கால் ஊன்றத் தோன்றாது.

ஆனால் மிஷெலினின் அந்தத் தளர்வுக்கு ஒரு விலை உண்டு. சாய்ந்த பாறையில் குறுக்கே போகும்போது பின் டயர் பக்கவாட்டில் மடிந்து, வண்டி ஒரு விரற்கடை நகர்ந்த மாதிரி இருக்கும். வழுக்கவில்லை, டயர்தான் உருள்கிறது என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. டன்லப் இந்த இடத்தில் திடமாக நின்றது. கூர்மையான கல்லில் வேகமாக மோதும்போது ரிம் அடிபடும் சத்தமும் டன்லப்பில் குறைவு. 80 கிலோவுக்கு மேல் எடை இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மிஷெலினில் அரை பி.எஸ்.ஐ. கூட்டினால் ரிம் தப்பும், ஆனால் எதற்காகப் பணம் கொடுத்து வாங்கினோமோ அந்த ஒட்டுதலில் கொஞ்சம் போய்விடும்.

சேற்றிலும் எனக்கு டன்லப்தான் தேவலை. இங்கே நவம்பரிலிருந்து மார்ச் வரை களிமண் சட்னி மாதிரி கிடக்கும். எந்த ட்ரையல்ஸ் டயரிலும் பட்டன் இடுக்கில் களிமண் அப்பிக்கொள்ளும். ஒரு தடவை சக்கரத்தைச் சுற்ற விட்டால் டன்லப் அதை உதறிவிட்டு மறுபடி பிடிக்கிறது. மிஷெலினில் அந்தச் சுற்று இன்னொரு தடவை தேவைப்படுகிறது. இது என் கை சொல்வது. எதிராகச் சொல்கிறவர்களும் எங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்கள், அவர்கள் ஓட்டுவது வேறு மண்.

தேய்மானம்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. புது டயரில் பட்டனின் முன் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், பிளாஸ்டிக் டப்பாவின் ஓரம் மாதிரி நறுக்கென்று இருக்கும். நாலைந்து போட்டி முடிந்ததும் அதே இடம் தேய்ந்த சோப்பு மாதிரி உருண்டுபோயிருக்கும். பட்டனின் உயரம் பெரிதாகக் குறைந்திருக்காது. பார்க்கிறவர்கள் டயர் புதுசு மாதிரி இருக்கிறதே என்பார்கள். ஆனால் ஈர வேரில் ஏற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். இரண்டு டயரும் இதில் ஒன்றுதான், மிஷெலின் கொஞ்சம் சீக்கிரமாகவே உருள்கிறது. இதற்கு ட்ரையல்ஸ்காரர்கள் எல்லாரும் செய்யும் வேலை ஒன்று உண்டு. பின் டயரைக் கழற்றித் திருப்பி மாட்டுவது. இதுவரை பின்பக்கமாக இருந்த கூர்மையான விளிம்பு இப்போது முன்னால் வரும். ஏறக்குறைய பாதி டயர் இலவசமாகக் கிடைத்த மாதிரி. டியூப்லெஸ் என்பதால் சோப்புத் தண்ணீர் தடவி, கம்ப்ரஸரால் ஒரே மூச்சில் காற்று அடிக்க வேண்டும். 'டப் டப்' என்று இரண்டு தடவை சத்தம் கேட்டு ஓரம் உட்கார்ந்த பிறகு காற்றை இறக்கிக்கொள்ளலாம். கைப் பம்பு வைத்துக்கொண்டு முயன்றால் தோள்பட்டைதான் வலிக்கும்.

மற்ற டயர்களில், ஐஆர்சி டிஆர்-011 நீடித்து உழைக்கும், கொஞ்சம் விறைப்பு. மிடாஸ் ஈடி-01 விலை குறைவு, பழகுகிறவர்களுக்குப் போதும். முதல் வருடம் கிளட்ச்சும் பேலன்ஸும் கற்றுக்கொள்ளும்போது விலை உயர்ந்த ரப்பரைச் சும்மா சுற்றித் தேய்ப்பதில் அர்த்தமில்லை.

பைரெல்லி எம்டி43-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். அது இந்த ஒப்பீட்டில் தவறான வரிசையில் நிற்பதாகவே எனக்குத் தோன்றும். ரப்பர் கெட்டி, பக்கச் சுவர் விறைப்பு. பாசிப் பாறையில் முதல் இரண்டோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் தடத்துக்குத் தடம் இடையில் பல மைல் சாலையில் போக வேண்டியிருந்தால், மெத்தென்ற டயர்களின் நடுப்பகுதி கண்முன்னே கரையும். எம்டி43 அதைத் தாங்கும். டயரில் 64பி என்று போட்டிருக்கும். 64 என்றால் 280 கிலோ தாங்கும், பி என்றால் மணிக்கு 150 கி.மீ. வரை.

இதைப் பற்றித்தான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, ஹீரோ எக்ஸ்பல்ஸுக்கு ட்ரையல்ஸ் டயர் போடலாமுங்களா? அளவு ஒத்துப் போகுதுங்களே" என்றார். சக்கர விட்டம் ஒத்துத்தான் போகிறது, முன்னால் 21 அங்குலம், பின்னால் 18. ஆனால் அந்த வண்டி கிட்டத்தட்ட 160 கிலோ, சக்கரம் டியூப் வைத்தது. டியூப் வைத்து 4 பி.எஸ்.ஐ.-யில் ஓட்டினால் டயர் ரிம்மில் நழுவி வால்வைப் பிய்த்துவிடும், இல்லாவிட்டால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் கிழியும். "மலைப்பாதைக்கு மட்டும்னா எம்டி43 பாருங்க, காத்து பத்துக்குக் கீழே வேண்டாம். ரிம் அகலம் சரியா இருக்கான்னு முதல்ல அளந்துக்கங்க. மிஷெலினைப் போட்டு அவிநாசி ரோட்டுல ஓட்டிடாதீங்க" என்றேன். அந்த மென்மையான பக்கச் சுவர் நெடுஞ்சாலை வேகத்துக்காகச் செய்யப்பட்டதில்லை. வளைவில் வண்டி நீச்சலடிக்கும். போட்டித் தடத்தில் டயர் பிடிக்கவில்லை என்றால் புள்ளிதான் ஏறும், சாலையில் அப்படி இல்லை.

முன் டயருக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். இரண்டு பின் டயர் தேயும் நேரத்தில் ஒரு முன் டயர்தான் தேயும். சரிவான ஈரப் புல்லில் திருப்பும்போது நழுவாமல் இருந்தால் போதும். நான் முன்னால் டன்லப்பே வைத்திருக்கிறேன், பின்னால் எது இருந்தாலும்.

வாங்கும்போது ஒன்றைப் பார்க்காமல் நான் ஒரு தடவை ஏமாந்தேன். ஒரு கடையில் மிஷெலின் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்கினேன். பட்டன் எல்லாம் கூர்மையாக, ஸ்டிக்கர்கூடக் கிழியாமல் இருந்தது. அந்த ஓடைப் பாறையில் மூன்று தடவை விழுந்தேன். வீட்டுக்கு வந்து கழுவிய பிறகுதான் பக்கச் சுவரில் இருந்த நான்கு இலக்கத்தைப் பார்த்தேன்: 2215. 2015-ன் 22-வது வாரம் செய்த டயர், நான் வாங்கும்போது ஏழு வயது. நகத்தை அழுத்தினால் தடம்கூடப் பதியவில்லை. அதற்கப்புறம் கடைக்காரரிடம் முதலில் கேட்பது அந்த நான்கு இலக்கம்தான். ஒன்றரை வருடத்துக்கு மேல் என்றால் எந்த பிராண்டாக இருந்தாலும் வாங்குவதில்லை. போன மாதம் செய்த மிடாஸ், அலமாரியில் ஏழு வருடம் கிடந்த மிஷெலினைவிட நன்றாகப் பிடிக்கும்.

இப்போது அக்டோபர் வரை பின்னால் மிஷெலின், மழை தொடங்கிக் களிமண் ஊறியதும் டன்லப் என்று இரண்டு சக்கரம் வைத்து ஓட்டுகிறேன். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், உங்கள் தடத்தில் பாறை அதிகமா சேறு அதிகமா என்று பாருங்கள். இரண்டும் சமம் என்றால் நான் டன்லப்பை வாங்கி, கூடவே 0 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை மட்டும் காட்டும் நல்ல காற்று மீட்டர் ஒன்று வாங்குவேன். பெட்ரோல் பங்க் மீட்டரில் 4-க்கும் 6-க்கும் வித்தியாசமே தெரியாது.