வீட்டில் குரல் பதிவு செய்பவர்களே, ‘சவுண்ட்புரூப்’ என்று ஃபோம் விற்பவரிடம் கவனம்

கோலாலம்பூரில் வீட்டிலிருந்தே குரல் பதிவு செய்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். வெளிச்சத்தம் உள்ளே வராதபடி அறையை சவுண்ட்புரூப் செய்து தருகிறேன் என்று வந்தவர், என்னிடம் 1,800 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு சுவரில் வெறும் ஃபோம் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். வெளிச்சத்தம் அப்படியேதான் இருக்கிறது.

நான் இருப்பது பிரிக்பீல்ட்ஸில், மோனோரயில் பாதைக்குப் பக்கத்து அடுக்குமாடியில். பார்வையற்ற நண்பர்களுக்காகத் தமிழ்ச் சிறுகதைகளைப் படித்துப் பதிவு செய்கிறேன். மோட்டார் சைக்கிள் உறுமலும் ரயில் இரைச்சலும் கதைக்குள் நுழைந்துவிடும். அதைத்தான் அவரிடம் சொன்னேன். “கவலைப்படாதீங்கக்கா, கதவைச் சாத்தினா வெளிச்சத்தம் ஒண்ணும் உள்ளே வராது” என்றார்.

ஒட்டி முடித்ததும் அறை நடுவில் நின்று கை தட்டிக் காட்டினார். முன்பு கணீரென்று எதிரொலித்த தட்டல் இப்போது பட்டென்று அடங்கியது. யாராக இருந்தாலும் நம்பிவிடுவார்கள். ஏமாற்று வேலையே அங்கேதான். அறைக்குள் எழும் ஒலி சுவரில் பட்டுத் திரும்புவதை ஃபோம் குறைக்கும், அவ்வளவுதான். வெளிச்சத்தத்தை மறிக்கக் கனமான பொருள் வேண்டும், இடுக்குகளை அடைக்க வேண்டும். ஒரு அங்குல ஃபோம் மோட்டார் உறுமலை நிறுத்தாது. என் கதவுக்கடியில் விரல் நுழையும் இடைவெளி. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் என்னைப் பேசச் சொல்லி, தன் லேப்டாப்பில் பதிவு செய்து போட்டுக் காட்டினார். சொற்களுக்கு நடுவே துளிச் சத்தமில்லை. பிறகு அந்தக் கோப்பை வாங்கி ஹெட்ஃபோனில் கேட்டேன். நான் பேசும்போதெல்லாம் இரைச்சல் கூடவே வருகிறது, நிறுத்தினால் அறுந்துபோகிறது. மென்பொருளில் நாய்ஸ் கேட் என்ற ஒலித் தடுப்பைப் போட்டிருக்கிறார். ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அது மூடிவிடும். குரலுக்கு அடியில் கிடக்கும் சத்தத்தைத் தொடாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், “ஒட்டியாச்சு, இனி எடுக்க முடியாது” என்றார். இப்போது வாட்சப்பில் பதிலே இல்லை. ஃபோமைப் பிய்த்தால் சாயமும் சேர்ந்து உரிகிறது. வாடகை வீடு வேறு.

யாருக்கு இந்த வேலையைக் கொடுத்தாலும், தெருவில் சத்தம் உள்ள நேரமாகப் பார்த்து, பேசாமல் உங்கள் மைக்கிலேயே அரை நிமிடம் பதிவு செய்து வையுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்தில், அதே கெயினில் (மைக்கின் ஒலியேற்ற அளவில்) மறுபடி எடுத்து ஒப்பிட்ட பிறகுதான் மீதிப் பணம்.

இப்போது எனக்குக் கைகொடுப்பவை வேறு. கதவடியில் ரப்பர் பட்டை. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில். தூரம் பாதியானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் கூடும், தெருச் சத்தம் அதிகரிக்காது. அடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த உறுமலை வெட்டிவிட்டு, பேச்சில்லாத சில விநாடிகளை மாதிரியாகக் கொடுத்து, இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன், அதுவும் அளவாக. மிஞ்சினால் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

ரசீது, வாட்சப் உரையாடல், பதிவுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். உங்களையும் இப்படி யாராவது ஏமாற்றியிருந்தால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். நீங்களும் மனு கொடுங்கள்.