பழைய பெயிண்டை உரிக்க ஐசோபிரொப்பைல் ஆல்கஹால்

பத்து ஆண்டுகளுக்கு முன் நான் பெயிண்ட் அடித்த குட்டி வீரர் பொம்மைகளைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. மூக்கு எது, வாய் எது என்று தெரியாத அளவுக்கு அப்பியிருக்கிறேன். இருபது பேரையும் கண்ணாடிச் சாடியில் போட்டு, 99 சதவீத ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலை மூழ்கும்வரை ஊற்றி மூடிவைத்தேன்.

அரை மணி நேரத்தில் அக்ரிலிக் பெயிண்ட் சுருங்கி, பாலாடைபோல எழும்பியது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்ததும் சங்கிலிக் கவசத்தின் வளையங்கள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. அந்தக் காட்சிக்காகவே இதை வாங்கலாம். ஸ்ப்ரே அடிப்பூச்சுதான் பிடிவாதக்காரன். இரண்டாம் முறை ஊறவைத்தும் அங்கி மடிப்புகளில் பல்குத்தும் குச்சியால் சுரண்ட வேண்டியிருந்தது. சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிய கைகள் சில கழன்று வந்தன. எப்படியும் அவற்றைக் கோணலாகத்தான் ஒட்டியிருந்தேன்.

பிளாஸ்டிக்குக்கும் உலோகத்துக்கும் சேதமில்லை. ரெசின் (அச்சில் வார்க்கும் பிசின்) உருவங்களை மட்டும் நீண்ட நேரம் ஊறவிடாதீர்கள், இளகக்கூடும். அசிட்டோன் உலோகத்துக்குச் சரி, பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். என் குதிரைவீரன் ஒருவன் அப்படித்தான் கூழானான்.

ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலின் நெடி கடுமை, அது எளிதில் தீப்பற்றும். ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டு, அடுப்புக்கு வெகுதூரத்தில் உட்காருங்கள். புட்டியின் மூடிதான் மட்டம்: சரியாக இறுகாமல், கால்வாசி காற்றோடு போய்விட்டது.