டாட்சன் 240ஸெட்: ஹைட்ராலிக்கா, எலக்ட்ரிக்கா?

1969-ல் வந்த ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் 240ஸெட்டில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. அகலமான டயர் மாட்டினால் பார்க்கிங்கில் தோள்பட்டை கழன்றுவிடும். அதனால் தனியாகப் பவர் ஸ்டீயரிங் பொருத்துவதானால், எந்த வகை என்பதே கேள்வி.

ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் உதவுவது) என்றால் பம்ப், பெல்ட், ஹோஸ், ஆயில், கூடவே வேறு ரேக் (சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம்). ஒழுகாதது அபூர்வம். ஆனால் சாலையின் சொரசொரப்பைக் கைக்குச் சொல்வதில் அதுதான் கெட்டி.

எலக்ட்ரிக்கில், ஓப்பல் கோர்சா காரின் மோட்டார் வைத்த ஸ்டீயரிங் தண்டை டேஷ்போர்டுக்கு அடியில் பொருத்துகிறார்கள். பழைய ரேக் அப்படியே இருக்கும். திருப்பும்போதுதான் மின்சாரத்தை அதிகம் இழுக்கும், அதுவும் பல ஆம்பியர். காருக்கு மின்சாரம் தரும் பழைய ஆல்டர்னேட்டர் திணறலாம். காரின் வேகத் தகவல் கிடைக்காத கன்ட்ரோலர் (மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) எப்போதும் ஒரே அளவு உதவிதான் தரும். அதிவேகத்தில் அது ஆபத்து, அதனால் உதவியைக் குறைக்க ஒரு திருகு குமிழ் தேவை.

என் ஓட்டு எலக்ட்ரிக்குக்கே. தண்டை வெட்டி ஒட்டும் வெல்டிங்கை மட்டும் கைதேர்ந்தவரிடம் விடுங்கள்.