வானிலை மையத்தின் காற்று எச்சரிக்கைகள்: கடலுக்கு எழுதியதும் கரைக்கு எழுதியதும்

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் வெளியிடும் அறிவிப்புகளில் மழை பற்றியவற்றை ஊரே படிக்கிறது. காற்று பற்றியவற்றை மீனவர்களும் துறைமுகத்தாரும் மட்டுமே வரி விடாமல் படிக்கிறார்கள். ஒரு பொதுச்சேவையாக இந்தக் காற்று எச்சரிக்கைகளை எடைபோட்டால், கடலுக்கு எழுதப்படுவது தெளிவாகவும் கரைக்கு எழுதப்படுவது அரைகுறையாகவும் இருக்கிறது என்பதே என் மதிப்பீடு.

மீனவர்களுக்கான எச்சரிக்கையில் அலங்காரம் ஏதுமில்லை. எந்தத் தேதியில், எந்தக் கடற்பரப்பில், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும், இடையிடையே எந்த வேகத்தைத் தொடக்கூடும், ஆகவே அங்கே செல்ல வேண்டாம் என்று சில வரிகளில் முடிந்துவிடுகிறது. அடுத்து வரும் நாள்களுக்கும் சேர்த்து நாள்வாரியாகக் கொடுப்பதால், ஐஸும் டீசலும் ஏற்றுவதற்கு முன்பே முடிவெடுக்க முடிகிறது. இதில் ஊன்றிப் படிக்க வேண்டியது இரண்டாவது எண்ணைத்தான். புயல் அறிக்கைகளில் முதலில் வரும் வேகம் 3 நிமிடச் சராசரி. "இடையிடையே" என்று தொடர்ந்து வருவது சில நொடிகள் மட்டும் ஓங்கி அடித்துவிட்டு அடங்கும் வீச்சு. படகைப் புரட்டுவதும் மரக்கிளையை முறிப்பதும் பெரும்பாலும் அந்தச் சில நொடிகள்தாம். அமெரிக்க ராணுவத்தின் புயல் எச்சரிக்கை மையம் 1 நிமிடச் சராசரியைக் கையாள்வதால், அதே புயலுக்கு அங்கே எண் கூடுதலாகத் தெரியும்; அதை எடுத்துக்காட்டி நம்மவர்கள் குறைத்துச் சொல்கிறார்கள் என்று வாதாடுவோர் ஒவ்வொரு புயலுக்கும் தவறாமல் வந்துவிடுகிறார்கள்.

கடல் எச்சரிக்கையிலும் ஒரு குறை உண்டு. தென்மேற்குப் பருவத்தில் கச்சான் எனப்படும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில், மன்னார் வளைகுடாவுக்கு "45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65" என்ற ஒரே வாசகம் பல நாள்கள் தொடர்ந்து வருகிறது. எச்சரிக்கை வந்துவிட்டால் ராமேசுவரத்தில் விசைப்படகுகளுக்கு மீன்வளத் துறை அனுமதி டோக்கன் வழங்குவதை நிறுத்திவிடுகிறது. டோக்கன் இல்லையென்றால் படகுக்காரருக்கும் கூலியாளுக்கும் அன்றைக்கு வருமானம் இல்லை. காலையிலா மாலையிலா, வளைகுடாவின் எந்தப் பக்கம் என்று பிரித்துச் சொல்லாமல் முழுப் பரப்புக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துக்கொண்டிருந்தால், மெய்யாகவே மோசமான நாளில் அதே வாசகத்துக்குக் கனம் இராது.

புயலுக்கான எச்சரிக்கை 4 கட்டங்களாக வருகிறது: 72 மணி நேரத்துக்கு முன் முன்னறிவிப்பு, 48 மணிக்கு முன் உஷார் நிலை, 24 மணிக்கு முன் எச்சரிக்கை, 12 மணி நேரத்துக்கு முன், கரை கடந்த பிறகு நிலவரம் எப்படியிருக்கும் என்ற முன்னோட்டம். வங்கக்கடலில் உருவாகி நிதானமாக நகர்ந்து வரும் புயலுக்கு இந்த ஏற்பாடு அருமையாகப் பொருந்துகிறது. 2018 நவம்பரில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடப்பதற்குள் 80,000-க்கும் மேற்பட்டோரை முகாம்களுக்கு மாற்ற முடிந்தது அதனால்தான். ஆனால் 2017-இல் ஒக்கி நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக உருவாகி, மறுநாள் காலையிலேயே குமரிக்கடலில் புயலாகிவிட்டது. கட்டங்களுக்கு அங்கே நேரமே இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்குபவர்கள் என்பது. "செல்ல வேண்டாம்" என்ற அறிவிப்பு ஏற்கெனவே சென்றுவிட்டவருக்கு எதையும் சொல்வதில்லை. செல்பேசிக் கோபுரம் எட்டாத தொலைவில் இருப்பவர்களுக்குச் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகள் அதன் பிறகே வந்தன. 1 லட்சம் படகுகளில் இருவழித் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் தொடங்கியது.

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு இந்தச் சேவையின் மிகப் பழைய பகுதி. பகலில் உருளைகளும் கூம்புகளும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் 1 முதல் 11 வரையிலான எண்களைக் காட்டுகின்றன. "7-ஆம் எண் கூண்டு ஏற்றம்" என்று தொலைக்காட்சியில் ஓடும்போது அது 5-ஐவிடப் பயங்கரமானது என்று எல்லோரும் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயத்தையே குறிக்கின்றன: துறைமுகம் புயல் பாதைக்கு இடப்புறம் அமைந்தால் 5, வலப்புறம் அமைந்தால் 6, புயல் துறைமுகத்தின் மீதோ வெகு அருகிலோ கடந்தால் 7. இதே வரிசை கடும் புயலுக்கு 8, 9, 10 என்று திரும்ப வருகிறது. 11 என்றால் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். கப்பல் தலைவருக்கு இது ஒரே பார்வையில் விளங்கும் கச்சிதமான மொழி. செய்தி வாசிப்பவர் கையில் அது ஏறுவரிசை மதிப்பெண் ஆகிவிடுகிறது. இதில் குற்றம் கூண்டினுடையது அன்று.

கரைக்கு வருவோம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்கள் காற்றுக்கும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் "ரெட் அலர்ட்" என்றவுடன் மனத்தில் தோன்றுவது 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழையும் பள்ளி விடுமுறையும்தான். பலத்த தரைக்காற்று பற்றிய வரி மழைப்பட்டியலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. 2016 டிசம்பரில் வர்தா சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. கஜா கடலோரத்தோடு நின்றுவிடாமல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துக்கொண்டு உள்மாவட்டங்கள் வரை போனது. இரண்டுமே காற்றினால் நேர்ந்த சேதம்.

இத்தனைக்கும் வேண்டிய தகவல் வானிலைத் துறையிடம் எழுத்திலேயே இருக்கிறது. டெல்லியிலிருந்து வரும் புயல் அறிக்கையின் பின்பகுதியில், எதிர்பார்க்கப்படும் சேதங்களைச் சொல்லும் ஒரு பகுதி உண்டு: ஓலைக்குடிசைகளின் நிலை, பறக்கக்கூடிய தகரக் கூரைகள், அறுந்து விழக்கூடிய மின்கம்பிகள், வாழை, பப்பாளி மரங்களுக்கு நேரும் பாதிப்பு என்று அது விவரமாகப் பேசுகிறது. வீட்டில் இருப்பவருக்கு மணிக்கு 90 கிலோமீட்டர் என்பதைவிட இது நன்றாகப் புரியும். அந்தப் பகுதியை ஆங்கில அறிக்கையின் வாலிலிருந்து எடுத்துத் தமிழில், மாவட்ட வாரியாக, மழை அளவுக்கு மேலே முதல் பக்கத்தில் வைத்தால் போதும். புதுக் கருவியோ புதுச் செயலியோ தேவையில்லை.