4,800 ரூபாய் போச்சு: ஃபோர்க் சீல் மாற்ற வண்டியைக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

நேற்று சாயங்காலம்தான் உண்மை தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பெங்களூரில் வண்டி வைத்திருக்கும் நம் ஆட்கள் இன்னொருவர் இப்படி ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். என்னென்ன பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் 150 சிசி வண்டிக்கு எட்டு வயது. முன் சக்கரத்தின் இரண்டு பக்கமும் நின்று அதிர்வைத் தாங்கும் கால்தான் ஃபோர்க். அதற்குள் இருக்கும் ஆயில் பைப் வழியாக வெளியே வராமல் பிடிக்கும் ரப்பர் வளையம்தான் சீல். டிஸ்க் பிரேக் இருக்கும் பக்கத்து ஃபோர்க்கில் ஆயில் கசிந்து, மண்ணோடு சேர்ந்து பைப்பைச் சுற்றிக் கறுப்பு வளையமாகப் படிந்திருந்தது. ஸ்பீடு பிரேக்கரில் இறங்கினால் ஹேண்டில் கையில் குத்தும். வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோடு போய் வாங்க நேரமில்லை. வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போய்ச் சரிசெய்து தரும் ஆப் ஒன்றில் புக் செய்தேன்.

ஹலசூரில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த பையன் முதலில் கன்னடத்தில்தான் பேசினான். உள்ளேயிருந்து அம்மா என்னைக் கூப்பிட்டது காதில் விழுந்ததும், "அண்ணா, நீங்க தமிழா? நமக்குக் கிருஷ்ணகிரி பக்கம்ணா" என்றான். அவ்வளவுதான், என் மனசு இளகிவிட்டது. அம்மா காபி கொடுத்தார். குடித்துக்கொண்டே பைப்பில் நகத்தை வைத்து மேலும் கீழும் இழுத்துக் காட்டினான். "புள்ளி புள்ளியா அரிச்சிருக்குண்ணா, நகம் மாட்டுது பாருங்க. இதுல புது சீல் போட்டாலும் கிழிச்சிடும். ரெண்டு பைப்பையும் மாத்திடலாம்." அவன் சொன்னது அத்தனையும் சரி. அதனால்தான் நம்பினேன். பைப், ஆயில் சீல், டஸ்ட் சீல், ஃபோர்க் ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 4,800 ரூபாய். வண்டி தெருமுனை திரும்பும் முன்பே ஆப்பில் கட்டிவிட்டேன்.

மறுநாள் வண்டி வந்தது. பைப் பளபளவென்று இருந்தது. மேலே புது ரப்பர். நான் வேறொன்றும் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் தொம்மலூர் மேம்பால இறக்கத்தில் முன் பிரேக்கை அழுத்தினேன். வண்டி வழுக்கிக்கொண்டே போனது. பின் பிரேக்கை மிதித்து, முன்னால் நின்ற ஆட்டோவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன். இறங்கிப் பார்த்தால் டிஸ்க் முழுக்க ஆயில். கொஞ்சம் தவறியிருந்தால் என் கதி என்ன?

ஆப்பில் புகார் கொடுத்தேன். "24 மணி நேரத்தில் கூப்பிடுவோம் சார்" என்றார்கள், கூப்பிடவில்லை. இரண்டாம் தடவை, ரப்பர் சாமானுக்கு வாரண்டி கிடையாதாம். மூன்றாம் தடவை, "பெங்களூர் ரோடு அப்படி சார், நாங்க என்ன செய்ய?" என்றார் ஒரு பெண். நான்காம் தடவை பேசுவதற்குள் புகாரையே முடித்துவிட்டார்கள், 'தீர்க்கப்பட்டது' என்று! அந்தப் பையனுக்குப் போன் அடித்தேன். "அண்ணா, ஆபீஸ்ல கேளுங்கண்ணா" என்று வைத்தான், பிறகு எடுக்கவே இல்லை. எங்கள் வீட்டுக் காபியைக் குடித்தவன்.

நேற்று மர்பி டவுனில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். என் கண் முன்னாலேயே ஃபோர்க்கைக் கழற்றிக் கவிழ்த்தார். சாம்பல் நிறத்தில் மீன் நாற்றத்தோடு ஆயில் கொட்டியது. "தம்பி, இது வருஷக்கணக்கா மாத்தாத ஆயில்." உள்ளே சீல் பழசு, கல் மாதிரி இறுகியிருந்தது. பைப்பும் பழசுதான். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், அரிப்புப் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. வெளியே தெரியும் டஸ்ட் சீலை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அது தூசியைத் தடுக்கத்தான், ஆயிலைத் தாங்காது. அந்த இரண்டு ரப்பர் வளையத்துக்கு 4,800 ரூபாய்! டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேட் ஆயில் குடித்துவிட்டது, அதையும் இப்போது தூக்கிப் போட வேண்டும், கழுவினால் போகாதாம்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன்.

விவரமாக எழுத இப்போது எனக்குப் பொறுமை இல்லை. இதை மட்டும் செய்யுங்கள். வண்டியை எங்கேயும் அனுப்பாதீர்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய சீல், பழைய பைப் இரண்டையும் கையில் வாங்கிய பிறகு காசு கொடுங்கள். வண்டியைத் திரும்ப வாங்கியதும் அதிலுள்ள பைப்பைத் துடைத்து, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைப் பத்துத் தடவை அமுக்குங்கள். பைப்பில் ஆயில் கோடு விழுந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். டிஸ்க்கில் ஆயில் பட்டிருந்தால் தயவுசெய்து ஓட்டாதீர்கள்.