சக்கர நாற்காலியோடு ராட்டின வரிசையில்: பல கோடைகளின் அனுபவம்

பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குப் போய் வந்து எழுதுகிறவர்கள், எந்த ராட்டினம் எவ்வளவு உயரம், எது வயிற்றைக் கலக்கும் என்பதைத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். சக்கர நாற்காலியில் போகிறவனுக்கு ராட்டினம் இரண்டாம் பட்சம். அதன் அடிவாரத்தில் கம்பி கட்டி மடித்து மடித்து விட்டிருக்கும் வரிசைதான் அவனுக்கு அன்றைய பொழுதைத் தீர்மானிக்கிறது. நான் காரைக்குடிக்காரன், முதுகுத்தண்டில் அடிபட்டதால் மார்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லை, கையால் தள்ளும் மடக்கு நாற்காலியைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கோடை விடுமுறையில் அக்கா குடும்பம், சித்தப்பா பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய ஆட்களாக மதுரைக்கோ, இரவோடு இரவாகச் சென்னைக்கோ, சில ஆண்டுகளில் கொச்சிக்கும் பெங்களூருக்குமோ போய்வருவது எங்கள் வழக்கம். அங்கெல்லாம் பார்த்தவற்றை, எந்தப் பூங்காவின் பெயரையும் இழுக்காமல் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் அகலம். என்னுடையது பதினெட்டு அங்குல இருக்கை கொண்ட சாதாரண நாற்காலி. சக்கரத்தின் வெளிப்புறத்தில் கையால் பிடித்துத் தள்ளுவதற்கு இருக்கும் தள்ளுவளையம் ஒன்றிலிருந்து மற்றொன்று வரை அளந்தால் சுமார் 65 சென்டிமீட்டர் வரும்; தள்ளுகிற கைகளுக்கும் இடம் வேண்டும் என்பதால், தடம் 90 சென்டிமீட்டராவது இருந்தால்தான் விரல் கணுக்கள் கம்பியில் உரசாமல் போக முடியும். நேராகப் போகும் தடங்களில் இந்த அகலம் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது; தொல்லை திருப்பத்தில்தான் தொடங்குகிறது. நடந்து வருபவர் ஒரு காலை ஊன்றித் திரும்பிவிடுவார். நாற்காலிக்கோ கால்தாங்கி முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், அது ஒரு முழு வளைவை எடுத்தாக வேண்டும். நம் நாட்டு அணுகல்தன்மை வழிகாட்டி, நாற்காலி திரும்புவதற்கு 150 சென்டிமீட்டர் இடம் கேட்கிறது. நடுவே ஒற்றைத் தடுப்பு மட்டும் நிற்க, அதைச் சுற்றி வந்த திசைக்கே திரும்பும் இடங்களுக்கென்று அமெரிக்க விதிகளில் தனிக்கணக்கே இருக்கிறது: திருப்பத்துக்கு முன்னும் பின்னும் 107 சென்டிமீட்டர், திருப்பத்தில் 122. நான் போன இடங்களில் பல, இந்த இரண்டு கணக்கிலும் அடங்காதவை. மூன்றாவது மடிப்பில் கால்தாங்கி கம்பியில் முட்டி நின்றுவிட்டால் முன்னே போகவும் முடியாது. பின்னால் ஐம்பது பேர் நிற்கும்போது பின்வாங்கவும் முடியாது. அந்த நேரத்தில் நான்கு பேர் நாற்காலியோடு சேர்த்து என்னைத் தூக்கிக் கம்பிக்கு மேலாக வெளியே இறக்குவார்கள். யாருமே முகம் சுளிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அகலத்தைவிடப் பெரிய பிரச்சினை நேரம். வரிசையில் நிற்பவர் காலை மாற்றி ஊன்றிக்கொள்வார், கம்பியில் சாய்வார், குழந்தையை இடுப்பு மாற்றுவார். உணர்வில்லாத உடம்போடு உட்கார்ந்திருப்பவன் அதையெல்லாம் கணக்கு வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது: கால் மணிக்கும் அரை மணிக்கும் ஒருமுறை இரு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கியோ, முன்னே நன்றாகக் குனிந்தோ, உட்காரும் எலும்பின் மீதுள்ள அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும், தவறினால் படுக்கைப்புண் வரும், அது ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். நெரிசலான தடத்தில், முன்னால் நிற்பவரின் முதுகுப்பை என் முகத்துக்கு நேரே தொங்கும்போது, முன்னே குனிவதற்கு இடம் ஏது? இதோடு மே மாத வெயில் சேர்ந்துகொள்கிறது. தண்டுவடம் அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்ப்பதில்லை என்பதால் உடம்பு தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும் வழி பாதியாகிவிடுகிறது. தகரக் கூரை போட்ட வரிசையில் மற்றவர்களுக்கு நிழல்தான் குறை என்றால், எனக்குக் காய்ச்சல் போலவே சூடு ஏறும். ஈரத்துண்டும் தண்ணீர்த் தெளிப்பானும் இல்லாமல் நான் எந்த வரிசைக்குள்ளும் நுழைவதில்லை. தள்ளுவளையம் உலோகமாக இருந்தால் கையுறையும் வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு நம் பூங்காக்கள் பெரும்பாலும் கண்டிருக்கும் தீர்வு ஒன்றே: நாற்காலிக்காரரை வெளியேறும் வழியாக உள்ளே அனுப்பிவிடுவது. ராட்டினத்திலிருந்து இறங்கி வருபவர்களுக்கான பாதையில் மடிப்புகள் இல்லை. பல இடங்களில் படிக்குப் பதில் சாய்தளமும் உண்டு. முன்பின் யோசிக்காமல் பார்த்தால் இது சலுகைதான், காத்திருக்காமலேயே ஏறிவிடலாம். எனக்கோ இது எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக் கல்யாணங்களை நினைவூட்டுகிறது. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டுகிடக்கும் அந்த வீடுகளில், முகப்புப் படிகளை என்னால் ஏற முடியாது என்பதால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிச் சமையற்கட்டுப் பக்கமாக உள்ளே கொண்டுபோவார்கள். அடுப்படி ஆட்கள் அன்போடுதான் வழிவிடுவார்கள், சாப்பாடும் முதல் பந்தியிலேயே கிடைத்துவிடும். ஆனால் முகப்பில் சந்தனம் கொடுத்து வரவேற்கிறவர்கள் கடைசிவரை என்னைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வெளிவழி நுழைவில் இரண்டு குறைகளைத் தொடர்ந்து கண்டிருக்கிறேன். ஒன்று, அது விதியாக இல்லாமல் அங்கே நிற்கும் ஊழியரின் மனநிலையாக இருப்பது. காலையில் நின்றவர் புன்னகையோடு சங்கிலியை அவிழ்த்துவிட்ட அதே வழியில், மதியம் நிற்பவர், “சார், எறங்கி ரெண்டு எட்டு மட்டும் நடந்துருவீங்கள்ல?” என்று கேட்பார். நடக்க முடியாது என்றால், மேலதிகாரியைக் கேட்க வேண்டும் என்று வாக்கிடாக்கியை எடுப்பார்; பதில் வருவதற்குள் வரிசையே நகர்ந்து முடிந்திருக்கும். இரண்டாவது குறைதான் எனக்குப் பெரியது. வெளிவழியில் துணைக்கு ஒருவரை, மிஞ்சினால் இருவரை மட்டுமே விடுவார்கள். நாங்களோ வேன் நிறையப் போனவர்கள். “மாமா, நீங்க தம்பியோட முன்னாடி போய்ட்டு வந்துருங்க, நாங்க கியூவுல வர்றோம்” என்று அக்கா மகள் சொல்லிவிட்டுப் போவாள். நான் ஐந்து நிமிடத்தில் ஏறி இறங்கிவிட்டு, அவர்கள் வந்து சேரும்வரை முக்கால் மணி நேரம் பாப்கார்ன் கடையோரம் தனியாக உட்கார்ந்திருப்பேன். வரிசையில் நிற்பது வெட்டிப்பொழுது என்று நினைப்பவர்கள் குடும்பத்தோடு பூங்காவுக்குப் போனதில்லை என்றுதான் சொல்வேன். முறுக்குப் பொட்டலம் கைமாறுவதும், பயப்படும் பிள்ளையைக் கேலி செய்வதும், மேலே போகிறவர்களின் அலறலைக் கேட்டு, ஏறலாமா வேண்டாமா என்று மனம் மாறுவதும் அங்கேதான் நடக்கின்றன. எனக்கு முன்னுரிமை கொடுத்தவர்கள், அறியாமலேயே, அந்த நாளின் பாதியை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு நான் கண்டவற்றுள் நல்ல மாற்று, நேரம் குறித்த சீட்டு. ஒரே ஒரு பூங்காவில் அதை முறையாக நடத்தினார்கள்: வாயிலில் அடையாள அட்டையைக் காட்டி ஒரு தாள் வாங்கிக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு ராட்டினத்திலும் அப்போதைய காத்திருப்பு ஐம்பது நிமிடம் என்றால், ஐம்பது நிமிடம் கழித்து வரும் நேரத்தை ஊழியர் அதில் எழுதிக் கையெழுத்திடுவார், அந்த நேரத்தில் குழுவாக வெளிவழியில் வந்தால் போதும். காத்திருப்பு எல்லோருக்கும் உள்ளதே, இடம் மட்டும் வேறு. நாங்கள் வேப்பமர நிழலில் வட்டமாக உட்கார்ந்து காத்திருந்தோம், நான் என் விருப்பப்படி குனிந்து நிமிர்ந்தேன், எங்களைப் பார்த்து, “இவங்க மட்டும் எப்படி முன்னாடி?” என்று கேட்க வரிசையில் யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

இந்த முறையின் வரலாறு சற்றுச் சுவையானது. அமெரிக்க டிஸ்னி பூங்காக்கள் முன்பு ஓர் உதவி அட்டை கொடுத்துவந்தன. வசதியுள்ளவர்கள் மாற்றுத்திறனாளிகளை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு வரிசையைத் தாண்டுகிறார்கள் என்று 2013-இல் பத்திரிகைச் செய்தி வெளிவந்தது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே, திரும்பி வரும் நேரத்தைக் குறித்துக் கொடுக்கும் புதிய ஏற்பாட்டுக்கு அந்நிறுவனம் மாறியது. 2024-இல் அதையும் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடு உடையவர்களுக்கே பெரும்பாலும் உரியது என்று சுருக்கிவிட்டார்கள். சக்கர நாற்காலிக்காரர்கள் பொது வரிசையிலேயே வரலாம் என்பது அவர்கள் வாதம். நாற்காலி நுழையாத பழைய வரிசைகளுக்கு மட்டும் நேரச்சீட்டு உண்டு. வரிசையை அகலமாகக் கட்டிவிட்டு அப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. 1955-இல் திறந்த டிஸ்னிலேண்டில் நாற்காலி நுழையாத வரிசைகள் பல. அதற்குப் பக்கத்திலேயே 2001-இல் திறந்த பூங்காவில் பெரும்பாலான வரிசைகளில் நாற்காலி போகிறது. நம் ஊரில் முதல் பாதியைச் செய்யாமல் இரண்டாம் பாதியை மட்டும் யாரும் கடன் வாங்கிவிடக் கூடாது.

வரிசை முடியும் இடத்தில் இருக்கைக்கு மாறுவது அடுத்த கட்டம். அமெரிக்காவில் 2012 மார்ச்சுக்குப் பின் கட்டப்படும் புதிய ராட்டினங்களில், சில விலக்குகள் தவிர, நாற்காலியோடு ஏறும் இடமோ, மாறி உட்காரத் தக்க இருக்கையோ, மாற்றிவிடும் கருவியோ ஒன்றாவது இருக்க வேண்டும். அந்த இருக்கை, ஏறும் தளத்திலிருந்து 35 முதல் 61 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். என் நாற்காலியின் இருக்கை ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். அதற்குச் சற்றுத் தாழ்ந்த இருக்கைக்கு, பலகை ஒன்றை இடையில் போட்டு நானே நகர்ந்துவிடுவேன். ராட்டின இருக்கையின் பக்கக் கைப்பிடி நிலையாகப் பற்றவைக்கப்பட்டிருந்தால் மட்டும் ஆள் வேண்டும். ஊழியர்கள் உதவும் மனத்தோடு வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறார்கள். தோள்மூட்டு ஒன்றையே நம்பி வாழ்பவனை அப்படித் தூக்கக் கூடாது. முழங்காலடியில் ஒருவர், பின்னாலிருந்து மார்பைச் சுற்றிக் கைகோத்து ஒருவர் என்று ஒவ்வொரு முறையும் நானே சொல்லிக்கொடுக்கிறேன். திருவிழாத் திடலில் ராட்டினம் போடுபவர் இதை யாரும் சொல்லாமலேயே சரியாகச் செய்கிறார். அங்கே வரிசையும் இல்லை, விதியும் இல்லை என்பது வேறு கதை.

ஏற்ற மறுப்பதெல்லாம் பாகுபாடு என்று நான் சொல்ல மாட்டேன். மடியை அழுத்தும் கம்பி, தொடையும் இடுப்பும் தாங்கும் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது. 2011 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் டேரியன் லேக் பூங்காவில், இரு கால்களையும் இழந்திருந்த முன்னாள் இராணுவ வீரர் ஒருவர் ரோலர் கோஸ்டரிலிருந்து தூக்கி எறியப்பட்டு இறந்தார். ராட்டினம் பாதிவழியில் நின்றால் ஒற்றையடி நடைமேடையில் இறங்கி வர வேண்டியிருக்கும் என்பதும் உண்மையான காரணமே. என் குறையெல்லாம், இந்தக் காரணத்தை வரிசையின் கடைசியில் சொல்கிறார்கள் என்பதுதான். சீட்டு விற்கும் இடத்தில் எந்தெந்த ராட்டினம் எனக்குக் கிடையாது என்று எழுதி வைத்தால், முழுக் கட்டணம் கொடுப்பதா வேண்டாமா என்று நானே முடிவு செய்துகொள்வேன்.

சட்டம் இல்லாமலில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களையும், கேளிக்கைக்கான இடங்கள் உட்பட, பொதுக் கட்டடம் என்றே கணக்கில் எடுக்கிறது. அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக விட்டுவைக்காமல் கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. வரிசைத் தடுப்புக் கம்பியை அளந்து பார்க்க அதிகாரி யாரும் வந்ததை நான் இதுவரை கண்டதில்லை.

நாற்காலியைப் பற்றியும் சில சொற்கள். பூங்காவின் ஈரப் பகுதி நாற்காலிக்கு எமன். வடிகால் மூடியின் இடுக்கில் முன்சக்கரம் சிக்கும். குளோரின் நீர் சக்கரத்தின் தாங்குருளைக்குள் (பேரிங்) புகுந்து, ஊர் வந்து சேர்ந்த சில வாரங்களில் கரகரக்கத் தொடங்கும். காற்று குறைந்த டயரில் பிரேக் கட்டை சரியாகப் பதியாது என்பதால், சாய்தளமான மேடைகளில் நாற்காலி நகர்ந்துவிடும். புறப்படும் முன் காற்றடிப்பது கட்டாயம். அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில், மாற்றுத்திறனாளிகளை முதலில் நினைத்துக் கட்டி 2010-இல் திறந்த மார்கன்ஸ் வொண்டர்லேண்ட் என்ற பூங்கா இருக்கிறது; அதன் நீர்ப்பகுதியில், மின்கலத்துக்குப் பதில் அழுத்தக் காற்றில் ஓடும் நாற்காலிகளை வைத்திருக்கிறார்கள். நம் பூங்காக்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். நனையத் தக்க பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டை வாங்கி வைத்தாலே என் தாங்குருளைகள் பிழைத்துக்கொள்ளும்.

இப்போதெல்லாம் முன்பதிவுக்கு முன் தொலைபேசியில் சில கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். வரிசைத் திருப்பத்தின் அகலம் என்ன, வெளிவழியில் எத்தனை பேரை விடுவீர்கள், நேரம் குறித்துக் கொடுப்பீர்களா, கழிவறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா என்பவை முதலில். பதில் தெரியாவிட்டாலும், ஆளனுப்பி அளந்து சொல்கிறோம் என்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே நம்பிப் போகலாம். கடைசியாக, ராட்டினம் உச்சியில் நின்றுவிட்டால் என்னை எப்படி இறக்குவீர்கள் என்று கேட்பேன். “அப்படியெல்லாம் நிக்காது சார்” என்று பதில் வந்தால், அந்தப் பூங்காவுக்கு நாங்கள் வேன் பேசுவதில்லை.